ஈலை – ரிவர்ஸ் டிரேடு: இருபது வருசம் கழிச்சுப் பார்த்தா யாருக்கு லாபம்?

#1 கணக்குப்பிள்ளை

ஹால் ஆஃப் ஃபேம் இழையில் இந்தச் சண்டை கிளம்பி அந்த இழையே திசைமாறிப் போய்விட்டது. அதனால் தனியாகத் திறக்கிறேன். அமெரிக்க ஃபுட்பாலில் (என்எஃப்எல்) 2004 டிராஃப்ட் அன்று, அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் நாளில், நியூயார்க் ஜயன்ட்ஸும் சான் டியேகோ சார்ஜர்ஸும் செய்துகொண்ட டிரேடில் ஜெயித்தது யார்?

முதலில் கொடுக்கல் வாங்கலை வைத்துவிடுகிறேன். பாதிப் பேர் "ஈலைக்கு ரிவர்ஸ்" என்று நினைத்துக்கொண்டே வாதாடுகிறார்கள். 2004 ஏப்ரல் 24. முதல் பிக் (ஆளை எடுக்கும் முறை) சார்ஜர்ஸ் கையில். குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஈலை மேனிங் அங்கே ஆட மாட்டேன் என்று முன்பே சொல்லியாயிற்று. இருந்தும் சார்ஜர்ஸ் அவரையே எடுத்தது. மேடையில் அந்த ஜெர்சியை ஏந்தி நின்ற ஈலையின் முகத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாலாவது பிக்கில் ஜயன்ட்ஸ் இன்னொரு குவார்ட்டர்பேக் ஃபிலிப் ரிவர்ஸை எடுத்தது. கொஞ்ச நேரத்தில் இருவரும் கைமாறினார்கள். ரிவர்ஸோடு ஜயன்ட்ஸ் சேர்த்துக் கொடுத்தது அந்த வருடத்து மூன்றாம் ரவுண்ட் பிக், 2005-இன் முதல் ரவுண்ட் பிக், ஐந்தாம் ரவுண்ட் பிக். மூன்றாம் ரவுண்டில், அதாவது 65-வது இடத்தில், சார்ஜர்ஸ் எடுத்தது கிக்கர் நேட் கேடிங். 2005-இன் முதல் ரவுண்ட் 12-வது இடமாக வந்தது. அதில் ஷான் மெரிமன். ஐந்தாம் ரவுண்டை டாம்பா பேவிடம் தள்ளிவிட்டு டாக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன் வீரர்) ரோமன் ஓபனை வாங்கினார்கள்.

ஒரு ஆளுக்கு நாலு ஆள். என் தீர்ப்பு: ஜெயித்தது சார்ஜர்ஸ்.

கோப்பையை எண்ணாதீர்கள், இரண்டு பேரின் உழைப்பை எண்ணுங்கள். சார்ஜர்ஸ் சட்டையில் ரிவர்ஸ் 2006 முதல் 2019 வரை ஒரு மேட்ச் விடாமல் 224 ஆட்டம் தொடங்கினார். 123 வெற்றி, 101 தோல்வி. 59,271 யார்டு, 397 டச்டவுன், 198 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த வீச்சு). ஈலை 16 சீசனில் 234 ஆட்டம். சரியாக 117-117. 57,023 யார்டு, 366 டச்டவுன், 244 இன்டர்செப்ஷன். குறைந்த ஆட்டத்தில் அதிகம் செய்தவர் ரிவர்ஸ். அதற்கு மேல் மெரிமன் 2005-இல் டிஃபென்ஸிவ் ரூக்கி ஆஃப் த இயர் (சிறந்த புதுமுகத் தடுப்பாளர்). 2006-இல் நாலு ஆட்டம் சஸ்பென்ஷனில் இருந்தும் 17 சாக் (எதிரணிக் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது) எடுத்து லீக்கிலேயே முதலிடம். அந்தச் சஸ்பென்ஷன் ஊக்கமருந்துக்காக, அதை மறைக்கவில்லை.

கத்தத் தொடங்கலாம்.

#2 நீலச்சட்டை

ஈலைக்கு ரெண்டு சூப்பர் பவுல் (சாம்பியன் ஃபைனல்). ரெண்டுலயும் எம்விபி (ஆட்ட நாயகன்). ரெண்டுலயும் எதிர்ல நின்னது பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் பிரேடி, கோச் பெலிச்செக். இழையை மூடுங்க.

#3 நாலாவது டவுன்

ஆமா, இங்க ஸ்டீலர்ஸ் ஆள் யாரும் இல்லையா? அந்த டிராஃப்ட்ல யாருக்கும் ஒண்ணும் கொடுக்காம 11-வது இடத்துல உக்காந்திருந்து பென் ராத்லிஸ்பெர்கரை எடுத்துட்டுப் போய் ரெண்டு சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க. டிரேடுல ஜெயிச்சது டிரேடே பண்ணாத பிட்ஸ்பர்க்.

#4 புதுவரவு

மன்னிக்கணும், நான் இந்த ஆட்டத்தை ரெண்டு சீசனாத்தான் பார்க்கிறேன். நமக்கு ஃபுட்பால்னா காலால உதைக்கிற பந்துதான், அங்கே ஆளை விக்கிறாங்க, காசு வாங்குறாங்க, கதை முடிஞ்சது. இங்க எனக்குப் புரியாதது ஒண்ணுதான். வர மாட்டேன்னு சொல்ற பையனை ஏன் சார்ஜர்ஸ் எடுக்கணும்? வேற ஆளை எடுத்துட்டுப் போகலாமே?

#5 கணக்குப்பிள்ளை

@புதுவரவு, நல்ல கேள்வி. என் வாதத்தின் கால் அங்கேதான் நிற்கிறது.

டிராஃப்ட்டில் ஒருவரை எடுத்தால் அவரோடு பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டும்தான். பையன் ஆட விரும்பாவிட்டாலும் அந்த உரிமைக்கு ஒரு விலை உண்டு. சார்ஜர்ஸ் ஜி.எம். (பொது மேலாளர்) ஏ.ஜே. ஸ்மித்துக்குப் பிடித்த குவார்ட்டர்பேக் ரிவர்ஸ்தான் என்று அப்போதே பேச்சு. சார்ஜர்ஸின் கோச்சிங் குழு அந்த வருடம் சீனியர் பவுலில் (கல்லூரி வீரர்களின் காட்சி ஆட்டம்) ரிவர்ஸுக்குப் பயிற்சி கொடுத்திருந்தது. நேராக ரிவர்ஸை முதல் பிக்கில் எடுத்திருந்தால் கையில் ரிவர்ஸ் மட்டும் இருந்திருப்பார். ஈலையை எடுத்ததால் ரிவர்ஸ், மெரிமன், கேடிங், ஓபன். தனக்கு வராத ஆளை வைத்து, தனக்கு வேண்டிய ஆளையும் வாங்கி, மேல்வரும்படியும் பார்த்தார். அந்த மதியம் நியூயார்க்கிடம் பணிந்து போக அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. பணியவில்லை.

எண்ணாகவும் பார்க்கலாம். டல்லஸ் கௌபாய்ஸில் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான பிக் மதிப்புப் பட்டியல் ஒன்று உண்டு. ரொம்ப நாள் எல்லா அணியும் அதை வைத்துத்தான் பேரம் பேசியது. முதல் பிக் 3000 புள்ளி. நாலாவது 1800. 65-வது 265. ஆக 1200 இடைவெளியில் 265 நிரம்பியது. மிச்சத்துக்கு 2005-இன் முதல் ரவுண்ட். அது எந்த இடமாக வரும் என்று அன்று யாருக்கும் தெரியாது. கடைசியில் 12-வதாக வந்தது. 12-வது பிக்கின் மதிப்பு? 1200. கூட்டினால் 3265. ஐந்தாம் ரவுண்டை நான் சேர்க்கவே இல்லை.

அது 12-வதாக வந்த கதையும் சுவையானது. 2004-இல் ஜயன்ட்ஸ் கர்ட் வார்னரை வைத்து 5-4 என்று இருந்தது. கோச் டாம் காஃப்லின் அவரை உட்கார வைத்து ரூக்கி ஈலையை இறக்கினார். ஆறு தோல்வி வரிசையாக, கடைசி ஆட்டத்தில் டல்லஸ் மேல் ஒரு வெற்றி. 6-10. தன் விலையைத் தானே ஏற்றி சார்ஜர்ஸுக்குக் கொடுத்தவர் ஈலை.

#6 மின்னல்கோடு

சான் டியேகோவில் இருந்த காலம் முழுக்கச் சார்ஜர்ஸ் டிக்கெட் வைத்திருந்தவன் என்ற முறையில் பேசுகிறேன். அணி 2017-இல் லாஸ் ஏஞ்சலஸ் போனது, நான் போகவில்லை.

கணக்குப்பிள்ளை சார் சொல்வது சரி. அதுதான் வலிக்கிறது. இந்த அணி டிரேடில் தோற்றதே இல்லை. 2001-ஐ நினைத்துப் பாருங்கள். அப்போதும் முதல் பிக் எங்களிடம்தான். மைக்கேல் விக்கை எடுக்காமல் அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டு ஐந்தாவது பிக் வாங்கினோம்; கூடவே டிம் டுவைட்டும் மேலும் இரண்டு பிக்கும். ஐந்தாவதில் லடேனியன் டாம்லின்சன். அடுத்த ரவுண்டின் தொடக்கத்தில் ட்ரூ ப்ரீஸ். ஒரே டிராஃப்ட்டில் இரண்டு பேர். மூன்று வருடம் கழித்து மறுபடி முதல் பிக், மறுபடி டிரேடு, ரிவர்ஸும் மெரிமனும். காகிதத்தில் இரண்டு தடவையும் ஜெயித்தோம்.

2006 அணியை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். 14-2. டாம்லின்சன் 31 டச்டவுன். பிளேஆஃப் (நாக்-அவுட் சுற்று) டிவிஷனல் ரவுண்டில் பேட்ரியட்ஸ் எங்கள் ஊருக்கு வந்தது. நாலாவது குவார்ட்டரில் நாங்கள் 21-13 முன்னால். நாலாவது டவுனில், அதாவது அவர்களின் கடைசி வாய்ப்பில், பிரேடி வீசிய பந்தை எங்கள் மார்லன் மெக்ரீ பிடித்தார். கீழே விட்டிருந்தாலே பந்து எங்களுடையது. பிடித்துக்கொண்டு ஓடினார், ட்ராய் பிரவுன் தட்டிப் பறித்தார், பந்து மறுபடி பேட்ரியட்ஸுக்கு. 24-21. அடுத்த மாதம் மார்ட்டி ஷாட்டன்ஹைமரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 14-2 எடுத்த கோச்சை! ஏ.ஜே. ஸ்மித்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று ஊரே பேசியது.

டிரேடு எங்களைத் தோற்கடிக்கவில்லை.

#7 நீலச்சட்டை

@மின்னல்கோடு, வருத்தம் புரியுது அண்ணே. ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரு விசயத்தை நாசூக்கா ஒதுக்கிட்டீங்க. ஜயன்ட்ஸ் எதுக்கு அந்த டிரேடைப் பண்ணுச்சு? யார்டு சேர்க்கவா? ப்ரோ பவுலுக்கு (நட்சத்திர ஆட்டம்) ஆள் அனுப்பவா? ஜனவரி, பிப்ரவரியில கை நடுங்காத ஒரு குவார்ட்டர்பேக் வேணும்னு பண்ணுச்சு. கிடைச்சுதா? கிடைச்சுது. பிளேஆஃப்ல ஈலை 8-4. சார்ஜர்ஸ் ரிவர்ஸ் 5-6. வாங்கின சாமான் வாங்கின காரியத்தை முடிச்சுக் கொடுத்துச்சு. இதுக்கு மேல டிரேடுக்கு என்ன கணக்கு வேணும்?

ஈலை 117-117ன்னு சும்மா சொல்லாதீங்க. 2013க்கு அப்புறம் அவருக்குக் காவலா முன்னாடி நின்ன லைனைப் பார்த்தீங்களா?

இன்னொண்ணு. கொடுத்த பிக்கெல்லாம் பெரிய இழப்புங்கிறீங்க. 2005-ல ஜயன்ட்ஸுக்கு முதல் ரவுண்ட் இல்ல, ஐந்தாவது ரவுண்ட் இல்ல. மிச்சம் இருந்ததுல யாரை எடுத்தாங்க? ரெண்டாவது ரவுண்ட்ல கோரி வெப்ஸ்டர். மூணாவதுல ஜஸ்டின் டக். நாலாவதுல பிராண்டன் ஜேக்கப்ஸ். கிரீன் பேல என்எஃப்சி ஃபைனல் (சூப்பர் பவுலுக்கு முந்தின ஆட்டம்), ஓவர்டைம்ல அவங்க குவார்ட்டர்பேக் ஃபாவ்ர் பந்தைப் பறிச்சது வெப்ஸ்டர். சூப்பர் பவுல்ல பிரேடியை ரெண்டு தடவை சாய்ச்சது டக்.

#8 கணக்குப்பிள்ளை

வெப்ஸ்டரும் டக்கும் நல்ல தேர்வு. ஆனால் தம்பி, அது உங்கள் ஸ்கவுட்டுகளின் சாமர்த்தியம். மெரிமனைக் கொடுக்காமலிருந்தாலும் அந்த மூவரையும் எடுத்திருக்கலாம். டிரேடின் கணக்கில் எப்படி வரவு வைப்பீர்கள்?

என் சங்கடமே இதுதான். டிரேடுக்கு அப்புறம் நடந்த எல்லாவற்றையும் டிரேடின் தலையில் கட்டுகிறோம். ஒருவர் நிலத்தை அன்றைய நல்ல விலைக்கு விற்றார். பத்து வருடம் கழித்துப் பக்கத்தில் பைபாஸ் வந்தது. வாங்கினவனை ஊர் கெட்டிக்காரன் என்கிறது. பைபாஸை அவனா போட்டான்? சூப்பர் பவுல் 42-இல் ஜயன்ட்ஸின் டேவிட் டைரீ ஹெல்மெட்டில் ஒட்டவைத்துப் பிடித்த பந்தைப் பற்றிப் பேசுகிறோமே, அதற்கு முந்தைய வீச்சை மறுபடி போட்டுப் பாருங்கள். ஈலை வீசிய பந்து பேட்ரியட்ஸின் அசான்டே சாமுவேலின் விரலை உரசிக்கொண்டு போகிறது. அவர் அதைப் பிடித்திருந்தால் பேட்ரியட்ஸ் 19-0. அப்புறம் பிளாக்ஸிகோ பர்ரஸுக்கு 35 விநாடி மிச்சமிருக்கையில் டச்டவுன் ஏது, எம்விபி ஏது? ஒரு விரல் நுனி. அதை வைத்துக்கொண்டு 2004 ஏப்ரலில் ஜயன்ட்ஸ் ஜி.எம். அக்கோர்சி மேதை, ஸ்மித் ஏமாளி என்கிறோம்.

#9 ஸ்காபரோக்காரன்

வணக்கம். நான் பஃபலோ பில்ஸ் ஆள். அதாலை சூப்பர் பௌல் கதையிலை எனக்கு வாய் திறக்க உரிமை குறைவு எண்டு தெரியும் 🙂

ஆனா ஐயா, அதிர்ஷ்டம் எண்டு ஒரேயடியாத் தள்ளேலாது. ஒரே பேட்ரியட்ஸ், ஒரே மாதத்துக்கை ரெண்டு பேரும் முகம் குடுத்தவை. 2008 ஜனவரி 20, ஃபாக்ஸ்பரோவிலை ரிவர்ஸ். அண்டைக்குப் பிரேடி மூண்டு இன்டர்செப்ஷன் எறிஞ்சவர். மூண்டு! சார்ஜர்ஸ் எடுத்த புள்ளி 12. நாலு ஃபீல்டு கோல் (உதைச்சு எடுக்கிற மூண்டு புள்ளி), ஒரு டச்டவுன் இல்லை. 21-12. ரெண்டு கிழமைக்குப் பிறகு அதே அணிக்கு எதிரா ஈலை கடைசி குவார்ட்டரிலை ரெண்டு டச்டவுன் எறிஞ்சவர். 17-14. உதுக்கு என்ன சொல்லப் போறியள்?

#10 மின்னல்கோடு

முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்த நிலையில் ஆடினார் ரிவர்ஸ். இதைத்தான் சொல்லப் போகிறேன். முந்தின வாரம் இண்டியானபோலிஸில் அடிபட்டது. சிறு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஒரே வாரத்தில் களத்துக்கு வந்தார். டாம்லின்சன் முழங்கால் வலியோடு இரண்டு தடவை ஓடிவிட்டு மிச்ச ஆட்டம் முழுக்கப் பெஞ்சில். ஆன்டோனியோ கேட்ஸ் கால் விரல் காயத்தோடு. ரெட் ஸோனில் (கோல் கோட்டுக்கு அருகே) போய் நின்று நாலாவது டவுனில் கிக் கிக் என்று அடித்தது கோச் நார்வ் டர்னரின் முடிவு.

அந்த நாலையும் உள்ளே அடித்தவர் யார்? கேடிங். டிரேடில் வந்தவர். இவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு விடிந்துவிடும். சீசனில் துல்லியம் என்றால் அப்படி ஒரு துல்லியம். 2009-இல் 35 உதைக்கு 32. பிளேஆஃப் வந்தால் வேறு ஆள். ரூக்கி வருடம், 2005 ஜனவரி, ஜெட்ஸோடு ஓவர்டைமில் 40 யார்டு உதையைத் தவறவிட்டார்; 20-17 தோல்வி. 2010 ஜனவரி, மறுபடி ஜெட்ஸ், ஒரே ஆட்டத்தில் மூன்று தவறினார், 17-14 தோல்வி. ஜயன்ட்ஸ் கொடுத்த பிக்கில் வந்தவர், நியூயார்க்கின் இன்னொரு அணிக்கு இரண்டு தடவை பிளேஆஃப் வெற்றியைக் கொடுத்தார்.

#11 நாலாவது டவுன்

😂😂 அப்போ டிரேடுல ஜெயிச்சது ஜெட்ஸ்!

#12 புதுவரவு

இப்பதான் ப்ரீஸ் பேரைப் பார்த்தேன். அது நியூ ஆர்லியன்ஸ் ப்ரீஸ்தானே? அவர் சார்ஜர்ஸ்ல இருந்தார்னா ரிவர்ஸ் எதுக்கு?

#13 கணக்குப்பிள்ளை

அதே ப்ரீஸ். 2003-இல் மோசமாக ஆடினார். அதனால்தான் 2004-இல் குவார்ட்டர்பேக் தேடினார்கள். ஆனால் ரிவர்ஸ் ஒப்பந்தத் தகராறில் பயிற்சி முகாமுக்குத் தாமதமாக வந்தார். அந்த இடைவெளியில் ப்ரீஸ் இடத்தைப் பிடித்துக்கொண்டு ப்ரோ பவுல் வரை போனார். ரிவர்ஸ் இரண்டு வருடம் பெஞ்ச். 2005-இன் கடைசி ஆட்டத்தில் ப்ரீஸுக்குத் தோள்பட்டை போனது. பெரிய காயம், வீசும் கை. சார்ஜர்ஸ் அவரைப் பிடித்து வைக்க முழுத் தொகையை நீட்டவில்லை. அவர் ஃப்ரீ ஏஜென்டாக (ஒப்பந்தம் முடிந்து விடுபட்டவராக) செயின்ட்ஸுக்குப் போனார். 2010 பிப்ரவரியில் கோப்பை.

சார்ஜர்ஸ் எதையாவது நினைத்து வருந்த வேண்டுமென்றால் அதை நினைத்து வருந்தலாம். ஆனால் அதிலும் அந்தத் தோள் குணமாகும் என்று யாருக்குத் தெரியும்? அவரை வாங்க நினைத்த மயாமியின் மருத்துவர்களும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

#14 நீலச்சட்டை

அண்ணே, இப்ப நீங்களே மாட்டிக்கிட்டீங்க. ரிவர்ஸை வாங்காம இருந்திருந்தா 2006-ல ப்ரீஸை விட்டிருப்பாங்களா? வீட்ல இன்னொருத்தன் தயாரா உக்காந்திருக்கான்கிற தைரியத்துலதானே விட்டாங்க. அப்போ டிரேடோட விளைவுல ப்ரீஸும் சேரணும். சார்ஜர்ஸ் கொடுத்தது ஈலையை மட்டும் இல்ல.

#15 கணக்குப்பிள்ளை

இது கனமான வாதம். இருந்தாலும் ஏற்க மாட்டேன். ப்ரீஸை விடுவது 2006-இல் தனியாக எடுத்த முடிவு. அந்த வசந்தத்தில் ப்ரீஸை வைத்துக்கொண்டு ரிவர்ஸை விற்றிருக்கலாம். ஒரு ஆட்டமும் தொடங்காத, 24 வயது, நாலாவது பிக் குவார்ட்டர்பேக்குக்கு நல்ல விலை வந்திருக்கும். டிரேடு அவர்களுக்கு இரண்டு வழி கொடுத்தது. எந்த வழியில் போனார்கள் என்பது வேறு செலவுக் கணக்கு.

இப்படிச் சங்கிலி கோத்துக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது? 2005-இல் அந்த 12-வது பிக் வந்தபோது குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் இன்னும் எடுக்கப்படாமல் உட்கார்ந்திருந்தார். 24 வரை உட்கார்ந்திருந்தார். அதனால் ஜயன்ட்ஸ் ஈலையை வாங்காமல் ரிவர்ஸை வைத்திருந்தால் ராட்ஜர்ஸும் கிடைத்திருப்பார் என்று ஒருவர் எழுதுவார். ரிவர்ஸ் இருக்கும்போது ராட்ஜர்ஸை எவன் எடுப்பான்?

#16 ஓரத்திலிருந்து

ரொம்ப நாளா வாசிக்கிறேன், எழுதுவது அபூர்வம். எர்னி அக்கோர்சி பேர் ஓரிடத்தில் வந்தது, ஆனால் அவருடைய பக்கத்தை யாருமே சொல்லவில்லை. அவரைச் சொல்லாமல் இந்த டிரேடு புரியாது.

1983. பால்டிமோர் கோல்ட்ஸிடம் முதல் பிக். ஜான் எல்வே அங்கே ஆட மாட்டேன் என்கிறார். யாங்கீஸில் பேஸ்பால் ஆடப் போகிறேன் என்று மிரட்டுகிறார். ஈலை கதையின் முதல் பதிப்பு. கோல்ட்ஸ் ஜி.எம். பிடிவாதமாக எல்வேயையே எடுக்கிறார். நல்ல விலை வராவிட்டால் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாரத்தில் முதலாளி ராபர்ட் இர்சே அவரிடம் கேட்காமலேயே எல்வேயை டென்வருக்குக் கொடுத்துவிடுகிறார். பதிலுக்கு வந்தது கிறிஸ் ஹின்டன், மார்க் ஹெர்மன், 1984-இன் முதல் ரவுண்ட் பிக் ஒன்று. ஹின்டன் நல்ல லைன்மேன், ஏழு ப்ரோ பவுல். ஆனால் எல்வே எல்வேதான்.

அந்த ஜி.எம். பெயர் எர்னி அக்கோர்சி. அந்த வேலையை விட்டுவிட்டுக் கிளீவ்லாண்டு போனார். அங்கே ஜி.எம். ஆக இருந்தபோது, 1987 ஜனவரியில், சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால், அவர் கண் முன்னே 98 யார்டு அணியை ஓட்டிவந்து ஆட்டத்தைச் சமன் செய்து, பிறகு ஓவர்டைமில் ஜெயித்தவர் யார்? எல்வே. அடுத்த வருடமும் அதே டென்வரிடம் தோல்வி.

இருபத்தொரு வருடம் கழித்து அதே மனிதர் ஜயன்ட்ஸில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு பையன் இன்னொரு அணிக்கு வர மாட்டேன் என்கிறான். இந்தத் தடவை மறுபக்கத்தில் நிற்பவர் இவர். மூன்றாம் ரவுண்டா, முதல் ரவுண்டா, அவர் பட்டியலைப் புரட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் கேட்டதையெல்லாம் கொடுக்கவில்லை. ஏ.ஜே. ஸ்மித் கேட்டது ஜயன்ட்ஸின் தடுப்பாட்டக்காரர் ஓசி உமென்யோராவை. அக்கோர்சி முடியாது என்றார். அப்போது உமென்யோரா ஒரு வருடம் மட்டும் ஆடியிருந்த, பெயர் பரவாத பையன். அந்த மறுப்புதான் என்னைப் பொறுத்தவரை இந்த டிரேடின் உயிர். சூப்பர் பவுல் 42-இல் ஸ்ட்ரேஹன், டக், உமென்யோரா மூன்று பேரும் சேர்ந்துதான் பிரேடியை நிற்கவிடாமல் துரத்தினார்கள். உமென்யோரா சான் டியேகோ போயிருந்தால்? அந்தக் கோப்பையை ஈலையின் கணக்கில் மட்டும் எழுதுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அந்தக் கோப்பை வந்தபோது அக்கோர்சி ஜி.எம். இல்லை. ஒரு வருடம் முன்பே ஓய்வு பெற்றிருந்தார்.

#17 மின்னல்கோடு

@ஓரத்திலிருந்து, இப்படி அடிக்கடி எழுதுங்கள். உமென்யோரா விசயம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

எல்வே கதையோடு ஒப்பிட்டால் ஸ்மித்தின் சாமர்த்தியம் இன்னும் தெளிவாகிறது. அதே நெருக்கடி. பால்டிமோருக்குக் குவார்ட்டர்பேக் என்று வந்தது ஹெர்மன். எங்களுக்கு வந்தது பதினாலு வருடம் ஒரு ஆட்டம் விடாத ரிவர்ஸ். வர மாட்டேன் என்ற ஆளுக்கு இதைவிட நல்ல விலை வாங்கின அணி உண்டா?

சின்ன சந்தோஷம் ஒன்று: சார்ஜர்ஸுக்கு எதிராக ஈலை நாலு ஆட்டம் ஆடினார். நாலும் தோல்வி. 2005-இல் சான் டியேகோவில் 45-23. அன்று ஸ்டேடியம் போட்ட கூச்சல் எனக்கு வயிற்றுக்கே நிறைந்தது. மற்ற மூன்றிலும் எதிரே ரிவர்ஸ்.

#18 சிங்கக்குட்டி

டெட்ராய்ட் லயன்ஸ் ஆளும் ஒரு வார்த்தை சொல்லலாமா? நீங்க எல்லாரும் ஒருத்தர் ஜெயிச்சா இன்னொருத்தர் தோத்தே ஆகணும்னு பேசுறீங்க. 2021-ல நாங்க குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸுக்குக் கொடுத்தோம். வந்தது அவங்க குவார்ட்டர்பேக் ஜாரட் காஃப், ரெண்டு முதல் ரவுண்ட், ஒரு மூணாவது ரவுண்ட். ராம்ஸ் அந்த சீசன்லயே சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க. அன்னிக்கு எல்லாரும் எங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க.

அந்த ஒரு முதல் ரவுண்டை வெச்சு மேல ஏறி ஜேமிசன் வில்லியம்ஸ். இன்னொண்ணு ஆறாவது பிக்கா வந்துச்சு, அதைக் கொடுத்து ரெண்டா உடைச்சு ஜமீர் கிப்ஸ், சாம் லபோர்ட்டா. 2024 ஜனவரியில எங்க ஊர்ல ஸ்டாஃபோர்டோட ராம்ஸ் வந்தாங்க. காஃப் எதிர்ல. 24-23. லயன்ஸுக்கு 32 வருசத்துல முதல் பிளேஆஃப் வெற்றி. இந்த டிரேடுல தோத்தது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்.

#19 நீலச்சட்டை

அதுல ராம்ஸ்தான். கோப்பை.

#20 சிங்கக்குட்டி

உங்களுக்கு வேற அளவுகோலே கிடையாதா தலைவா

#21 ஸ்காபரோக்காரன்

கோப்பைதான் அளவு எண்டா மின்னல்கோடு அண்ணை சொன்ன 2001 விக் டிரேடிலை ஆர் வெண்டது? அட்லாண்டாவுக்கும் கோப்பை இல்லை, சார்ஜர்ஸுக்கும் இல்லை. அப்ப வெண்ட ஆளே இல்லையோ? டாம்லின்சன் ஹால் ஆஃப் ஃபேம். விக் 2007-லை சிறைக்குப் போனவர். கண் தெரிஞ்ச ஆருக்கும் பதில் தெரியும். கோப்பை எண்ட தடியாலை இதை அளக்கேலாது.

அதேநேரம் கணக்குப்பிள்ளை ஐயாவோடையும் நான் முழுசா ஒத்துப்போகேல்லை. டிரேடு நடந்த நாளிலை தெரிஞ்சதை மட்டும் வைச்சுத் தீர்ப்புச் சொல்லோணும் எண்டா, அடுத்த நாள் காலமையே தீர்ப்பைச் சொல்லிப்போட்டுப் போகலாம். ரிவர்ஸின்ரை 397 டச்டவுனும் அண்டைக்குத் தெரியாததுதானே. உங்கடை முதல் பதிவிலை அதைத்தானே முன்னுக்கு வைச்சனீங்கள்?

#22 கணக்குப்பிள்ளை

பிடித்துவிட்டீர்கள் போலத் தெரிகிறது, ஆனால் இல்லை. நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். அன்று விலை நியாயமா? அதற்குப் பதில் புள்ளிப் பட்டியலில். வாங்கின சரக்கு உழைத்ததா? அதற்குப் பதில் ரிவர்ஸின் 14 வருடத்தில். ஒரு ஆள் தன் கையால் செய்ததை நான் எடுத்துக்கொள்கிறேன். சக வீரன் பந்தைப் பிடித்தானா, எதிராளி விட்டானா, முதலாளி கோச்சைத் துரத்தினானா என்பதை எடுத்துக்கொள்வதில்லை. மெரிமனிலும் அப்படியே. மூன்று வருடம் பேயாட்டம், 2008-இல் முழங்கால் போய் ஒரே ஆட்டத்தோடு சீசன் முடிந்தது, 2010-இல் அணியை விட்டே போனார். 12-வது பிக்குக்கு அது பரவாயில்லாத வரவு, அதிசயமில்லை. அதையும் அப்படியேதான் எழுதுகிறேன்.

#23 நீலச்சட்டை

கோட்டை எங்க போடணும்னு நீங்களே முடிவு பண்ணிட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் அதிர்ஷ்டம்ங்கிறீங்க. ரிவர்ஸ் வீசின 397-ஐயும் யாரோ பிடிச்சாங்கதானே? கேட்ஸ் மாதிரி ஒரு டைட் எண்ட் ஈலைக்கு எந்தக் காலத்துல இருந்தான்?

#24 ஓரத்திலிருந்து

கேட்ஸ் பேச்சு வந்ததால் ஒன்று. 2025-இல் முதல் முறை வாக்குக்கு வந்த ஈலைக்கு ஹால் ஆஃப் ஃபேம் கதவு திறக்கவில்லை. அந்த வருடம் உள்ளே போனவர்களில் ஒருவர் ஆன்டோனியோ கேட்ஸ். அவரை சார்ஜர்ஸ் டிரேடிலும் வாங்கவில்லை, டிராஃப்ட்டிலும் எடுக்கவில்லை. கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவரைச் சும்மா கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள்.

#25 நடத்துநர்

ஈலை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தகுதியா என்ற பேச்சுக்குப் பழைய இழை இருக்கிறது. இங்கே வேண்டாம். #23, #24 இரண்டு பேரும் அங்கே போய் வைத்துக்கொள்ளுங்கள்.

#26 புதுவரவு

கடைசியா ஒண்ணு கேட்டுக்கிறேன் மின்னல்கோடு அண்ணே. 2004 ஏப்ரல்ல ஏ.ஜே. ஸ்மித் நாற்காலியில நீங்க உக்காந்திருந்தா? இன்னிக்குத் தெரிஞ்ச எல்லாம் தெரிஞ்சு?

#27 மின்னல்கோடு

டிரேடைச் செய்வேன். யோசிக்கவே மாட்டேன். 65-இல் மட்டும் கிக்கரை எடுக்க மாட்டேன். அந்த வருடம் ஜாரட் ஆலன் 126-வது இடம் வரை யாரும் சீந்தாமல் கிடந்தார். கன்சாஸ் சிட்டி எடுத்தது. அவரும் இப்போது ஹால் ஆஃப் ஃபேமில். ஒரு பக்கம் மெரிமன், இன்னொரு பக்கம் ஆலன். பிரேடி எங்கே போவார்?

#28 நீலச்சட்டை

126-வது ஆளை 65-ல எடுக்கிறது அன்னிக்குத் தெரிஞ்சதை வெச்சா, இன்னிக்குத் தெரிஞ்சதை வெச்சா? கணக்குப்பிள்ளை அண்ணே, கொஞ்சம் இவரையும் கவனிங்க.

#29 கணக்குப்பிள்ளை

அவரிடம் கேட்ட கேள்வியே இன்று தெரிந்ததை வைத்துத்தானே தம்பி. அதோடு, 65-வது பிக் சார்ஜர்ஸ் கைக்கு வந்ததோடு டிரேடு முடிந்தது. அதில் கிக்கரை எடுத்தது சார்ஜர்ஸ். ஜயன்ட்ஸ் கொடுத்தது ஒரு எண் மட்டும்.